அளந்து ஊற்றாத ஒரு கிறிஸ்துமஸ் விருந்து

2024 டிசம்பர் 28, சனிக்கிழமை. குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் இடையில் இருக்கும் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து வைத்தேன். கணவருக்கு வணிகக் கப்பலில் வேலை. அந்த வருடமும் பண்டிகைக்கு அவரால் வர முடியவில்லை. அவர் இல்லை என்பதற்காக வீடு இருட்டிக் கிடக்க வேண்டாம் என்று நானே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். பெரியவர்கள் 22 பேர், குழந்தைகள் 7 பேர். அவரவருக்குப் பிடித்த காக்டெயிலை அவரவரே கலந்துகொள்ளும்படி ஒரு மேசை போடுவதுதான் அந்த வருடத்துப் புதுமை. கடைசியில் எனக்கு மருத்துவமனை வராந்தாவில்தான் விடிந்தது. சாப்பாட்டுச் செலவு போக 36,210 ரூபாய் போனது. நாத்தனார் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. முன்னாலேயே யாராவது இதையெல்லாம் சொல்லியிருந்தால் பாதிக்கு மேல் தவிர்த்திருப்பேன். அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவைக்கிறேன்.

இந்த யோசனை பெங்களூரில் ஒரு தோழி வீட்டில் பார்த்தது. நீளமான மேசை, வரிசையாக பாட்டில்கள், வெட்டிய பழங்கள், புதினா, ஐஸ், செய்முறை எழுதிய அட்டைகள். வந்தவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே தங்களுக்கு வேண்டியதைக் கலந்துகொண்டார்கள். வீட்டுக்காரர்களுக்கு வேலையே இல்லை என்று எனக்குத் தோன்றியது. அன்று மாலை முழுவதும் அவள் கணவர் மேசையின் ஓரத்தை விட்டு நகரவே இல்லை. ஒவ்வொரு முறையும் பாட்டிலை அவர்தான் கையில் எடுத்தார். இது எனக்கு உறைத்தது அடுத்த ஜனவரியில், எல்லாம் முடிந்த பிறகு. நான் பார்த்தது மேசையை மட்டும்தான். அங்கே நின்றுகொண்டிருந்த ஆளைப் பார்க்கவில்லை.

முதலில் சரக்கு. தம்பியிடம் சொல்லி 5 ஃபுல் வாங்கினேன்: ரம் 2, ஜின், ஓட்கா, விஸ்கி தலா ஒன்று. 11,200 ரூபாய். உறவில் ஒருவர் புதுச்சேரியிலிருந்து பாதி விலைக்குக் கொண்டுவருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளிமாநிலச் சரக்கை இங்கே கொண்டுவருவது குற்றம், மலையேறும் வழியெல்லாம் சோதனை வேறு. அதைச் சரியாகச் செய்தேன். ஆனால் 5 ஃபுல் என்பது எவ்வளவு என்று கணக்கே போடவில்லை. மேசை நிறைவாகத் தெரிய வேண்டும் என்பதுதான் என் கவலை. ஒரு ஃபுல் 750 மி.லி. 30 மி.லி. ஸ்மால் கணக்கில் 25 வரும். ஐந்துக்கு 125. எங்கள் வீட்டில் குடிப்பவர்கள் 14 பேர்தான். தலைக்கு ஒன்பது ஸ்மால் வாங்கி அடுக்கியிருக்கிறேன்! நான்கு மணி நேர விருந்தில் ஆளுக்கு மூன்று ஸ்மால் என்று வைத்தாலும் 42 தான், இரண்டு பாட்டிலுக்குள் முடிந்துவிடும். மேசையில் இருப்பதெல்லாம் குடிக்கத்தான் வைத்திருக்கிறது என்று வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அதில் அவர்கள் தவறு இல்லை. இரண்டு பாட்டிலை வெளியே வையுங்கள். மீதி இருந்தால் அது அலமாரியில் பூட்டி இருக்கட்டும்.

அடுத்து சோடா. இதில் போனது வீண் பணம். விலை குறைவு என்று கோயம்புத்தூரிலிருந்து வரும் தம்பியிடம் சோடா, கோலா, ஜின்னோடு கலக்கும் டானிக் வாட்டர் எல்லாம் பெரிய பெட் பாட்டிலில் 24 வாங்கி வரச் சொன்னேன். நீலகிரியில் தண்ணீர், குளிர்பானம் அடைத்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை என்பது இங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். சுற்றுலா வண்டிகளைத்தானே பார்ப்பார்கள், சொந்தக்காரன் வண்டியை யார் திறக்கப் போகிறார்கள் என்ற அலட்சியம். மலையேறும் வழியில் டிக்கியைத் திறந்து பார்த்து 24 பாட்டிலையும் இறக்கி வைத்துக்கொண்டார்கள். 2,160 ரூபாய்ப் பொருள் போனதோடு 2,000 ரூபாய் அபராதம். தம்பி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. விருந்து நாள் மதியம் குன்னூர்க் கடைகளில் அலைந்து, கண்ணாடி பாட்டிலிலும் கேனிலும் 3,400 ரூபாய்க்குத் திரும்ப வாங்கினேன். மலைக்கு வெளியூரிலிருந்து யாராவது பொருள் கொண்டுவருகிறார்கள் என்றால், கண்ணாடி அல்லது கேன் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சோடாவில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். வாங்கி வந்த வேகத்தில் முதல் பாட்டிலைத் திறந்ததும் நுரை பீய்ச்சியடித்து மேசைத் துணி முழுக்க நனைந்தது. குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம். சமவெளியைவிட இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் கீழே அடைத்த சோடாவில் இருக்கும் வாயு இங்கே திறந்ததும் கூடுதல் வேகத்தோடு வெளியேறும், சீக்கிரமே சப்பென்றும் ஆகிவிடும். எங்கள் வீட்டுச் சாலையின் குலுக்கலும் சேர்ந்துகொண்டது. ஒரு மணி நேரமாவது குளிர்ச்சியான இடத்தில் அசைக்காமல் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். பெரிய பாட்டில் வேண்டாம். ஒரு கிளாசுக்கு ஒன்று என்று தீர்ந்துபோகும் சின்ன பாட்டில்தான் இங்கே சரி. சோடா கலந்த எதையும் ஷேக்கரில் போட்டுக் குலுக்கவே கூடாது, மூடி பிய்த்துக்கொண்டு போகும். இதை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

பழம், மூலிகைப் பக்கம் எனக்குச் சந்தோஷமான வேலை. தோட்டத்தில் ரோஸ்மேரி இருந்தது. தாட்பூட் (பேஷன் ஃப்ரூட்) பழக் கூழை ஃப்ரீசரில் சேர்த்து வைத்திருந்தேன். ஸ்ட்ராபெரியும் ஆரஞ்சும் சந்தையில் கிடைத்தன. இதற்கு மொத்தம் 2,300 ரூபாய். எலுமிச்சையைக் காலையிலேயே பிழிந்து வைத்தது தவறு, சாயங்காலத்துக்குள் கசப்பேறிவிட்டது. விருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் பிழிந்தால் போதும். சர்க்கரையை அப்படியே வைக்காதீர்கள். குளிர்ந்த கிளாசில் அது கரையாமல் அடியில் மணலாகத் தங்கும். ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு கப் தண்ணீர் வைத்துச் சூடாக்கிக் கரைத்த பாகு ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். இந்தக் குளிரில் தேன் இறுகிவிடுவதால், அதே அளவு வெந்நீர் விட்டுத் தளர்த்தி வைத்தால்தான் கலக்கும். அளவு பெரிய வித்தை இல்லை. 30 மி.லி. சரக்கு, 15 எலுமிச்சைச் சாறு, 15 பாகு. பெரும்பாலான புளிப்புக் காக்டெயில்களுக்கு இது போதும். நான் ஒன்பது விதமான செய்முறை அட்டைகள் எழுதி வைத்தேன். அதைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. மூன்றே மூன்று வைத்திருந்தால் எல்லாரும் ஒழுங்காகச் செய்திருப்பார்கள். ஜின்னும் டானிக்கும் மட்டும் யாரும் சொல்லித் தராமலே எல்லாருக்கும் சரியாக வந்தது. டானிக்கின் கசப்பு கொயினா என்ற மலேரியா மருந்தின் கசப்பு. 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அதற்காகத்தான் சின்கோனா மரங்களை நட்டார்கள், நடுவட்டத்தில் கொயினா தொழிற்சாலையே இருந்தது. அப்பா அந்த மரங்களைக் காட்டிப் பட்டையை நக்கிப் பார்க்கச் சொன்ன ஞாபகம். அந்தக் கதையை ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தேன். அன்று மேசையில் எனக்குப் பெருமை தந்த ஒரே பொருள் அதுதான்.

ஐஸுக்கு 900 ரூபாய் செலவழித்தேன். தேவைப்படவில்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் ராத்திரி ஏழு மணிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்பவர்கள் ஐஸ் போட்ட கிளாசைக் கையில் பிடிப்பார்களா? முதல் கிளாசோடு எல்லாரும் அடுப்பங்கரைக்கு வந்து வெந்நீர் கேட்டார்கள். மலை ஊரில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இப்படி மேசை போடுவதாக இருந்தால் சூடான பக்கத்தைப் பெரிதாக வையுங்கள். ஃபிளாஸ்கில் வெந்நீர், பால் விடாத நீலகிரித் தேநீர், தளர்த்திய தேன், எலுமிச்சை, கிராம்பு, பட்டை. அதில் 30 மி.லி. ரம் அல்லது பிராந்தி சேர்த்தால் போதும், அதைவிட இந்தக் குளிருக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. சரக்கை அடுப்பில் வைத்து மட்டும் சூடாக்காதீர்கள். தண்ணீர் கொதிக்கும் முன்பே ஆல்கஹால் ஆவியாகும், அந்த ஆவி தீப்பிடிக்கும். வெந்நீரை இறக்கிய பிறகு கிளாசில்தான் சேர்க்க வேண்டும். இன்னொரு விஷயம், குடித்தால் உடம்பு சூடாவதாகத் தோன்றுவது தோலுக்கு ரத்தம் கூடுதலாக வருவதால்தான். உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும். வியர்க்கிறது என்று ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வாசல் திண்ணையில் பனியில் உட்கார்ந்த ஒருவரை நடுங்க நடுங்க உள்ளே இழுத்து வந்தோம்.

இனி அந்த ஜாடி. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் இஞ்சி ஒயின் இருக்கும். பெயர்தான் ஒயின், அதில் மது கிடையாது. இஞ்சி, சர்க்கரை, பட்டை, கிராம்பு, எலுமிச்சை போட்டுக் காய்ச்சி, கருக்கிய சர்க்கரையால் நிறம் ஏற்றுவோம். பிள்ளைகளுக்கு உயிர். குழாய் வைத்த பெரிய கண்ணாடி ஜாடியில் மூன்று லிட்டர் நிரப்பி, காக்டெயில் மேசையின் கடைசியில் வைத்தேன். பெரியவர்களும் கலக்கப் பயன்படுத்தட்டும், பிள்ளைகளும் பிடித்துக்கொள்ளட்டும் என்று இரண்டு பேருக்கும் ஒரே ஜாடி. எல்லாத் தவறும் இங்கேதான் ஆரம்பித்தது. இதை நான் யார் தலையிலும் போட மாட்டேன்.

ஆறரைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதல் ஒரு மணி நேரம் நான் ஆசைப்பட்ட மாதிரியே இருந்தது. அத்தை முறைக்காரர்கள் கூட தாட்பூட் கூழில் சோடா விட்டு, உப்பு, மிளகு போட்டு ரசித்தார்கள். கப்பலிலிருந்து கணவர் வீடியோவில் வந்தபோது மேசையைக் காட்டி, பாருங்கள் என்று சந்தோஷப்பட்டேன். சரக்கு அளக்கும் பெக் மெஷர், ஷேக்கர் எல்லாம் அடங்கிய செட்டை 2,750 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தேன். எட்டு மணிக்கு மேல் அந்தப் பெக் மெஷரை யாரும் தொடவில்லை. நேராக பாட்டிலிலிருந்து கிளாசுக்குத்தான். நான் சமையலறைக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். பிரியாணி தம் போட வேண்டும், கேக் வெட்ட வேண்டும். மேசை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். ஒன்பதே காலுக்குப் பார்த்தால் மூன்று பாட்டில் காலி. பின்னால் ஒரு நாள் தம்பியிடம் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்து, கண்ணளவில் ஒரு ஸ்மால் ஊற்று என்றேன். அளந்தால் ஒரு தடவை 55, இன்னொரு தடவை 70 மி.லி. அவன் அன்று இரண்டே ஸ்மால் குடித்ததாக இன்றும் உறுதியாகச் சொல்கிறான். பொய் சொல்லவில்லை, அவன் எண்ணியது கிளாசைத்தான்.

ஒன்பது மணி வாக்கில் என் சித்தப்பாவுக்கு ரம்மும் இஞ்சி ஒயினும் சேர்ந்த ருசி பிடித்துப்போயிருக்கிறது. ஒவ்வொரு கிளாசாகக் கலப்பானேன் என்று, பாதி பாட்டில் ரம்மை ஜாடியிலேயே ஊற்றிக் கலக்கிவிட்டார். அந்த மேசையில் இருப்பது எல்லாமே பெரியவர்களுக்கு என்றுதான் அவர் நினைத்தார். பிள்ளைகளும் அதில்தான் பிடிக்கிறார்கள் என்று அவருக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை, ஜாடியில் எழுதி ஒட்டவும் இல்லை. நிறமும் மாறவில்லை. இஞ்சியின் காரமும் ரம்மின் காரமும் தொண்டையில் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு பையன்கள் ஒரு வாய் குடித்து, நன்றாக இல்லை என்று வைத்துவிட்டார்கள். நாத்தனார் மகளுக்கு எட்டு வயது, விளையாடிய தாகத்தில் இரண்டு டம்ளர் குடித்திருக்கிறாள். அதுவரை அவள் சாப்பிடவும் இல்லை.

பத்து மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது அவளைக் காணவில்லை. சோபாவுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் கண்ணைத் திறந்து, அத்தை என்று சொல்ல வந்து குழறினாள். நிற்க வைத்தால் கால் நிற்கவில்லை. அப்புறம் வாந்தி. வாசனை வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிடத்தில் என் வயிற்றில் விழுந்த பயத்தை இன்றும் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. நாத்தனார் என்னைப் பார்த்த பார்வை அதைவிட. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். காபி கொடு, மோர் கொடு, விரலை விட்டு வாந்தி எடுக்க வை, முகத்தில் பச்சைத் தண்ணீர் அடி. எதையும் செய்யாமல் விட்டதுதான் அன்று நாங்கள் சரியாகச் செய்தது. கோத்தகிரியில் நர்சாக வேலை பார்க்கும் ஒரு தோழிக்கு போன் போட்டேன். ஒருக்களித்துப் படுக்க வை, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகக் கூடாது, கம்பளி போர்த்து, வாயில் எதையும் ஊற்றாதே, தனியாக விடாதே, உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போ என்றாள்.

எடுத்துப் போக யார்? வாசலில் ஆறு கார்கள் நின்றன. ஓட்டத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் குடித்திருந்தார்கள். நானும் ஒரு ஜின் டானிக் குடித்திருந்தேன். ஒருவர் சாவியை எடுத்துக்கொண்டு, நான் நிதானமாகத்தான் இருக்கிறேன் என்று கிளம்பினார். வெளியே பத்தடிக்கு மேல் தெரியாத மூடுபனி. ரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம், முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. ஆனால் அப்போது என் மனதில் சட்டம் இல்லை. கொண்டை ஊசி வளைவில் குழந்தையோடு கார் உருளும் காட்சிதான் இருந்தது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு 108-க்கு அடித்தேன். பத்து இருபதுக்குக் கூப்பிட்டது, பத்து ஐம்பதுக்கு வந்தது. அந்த முப்பது நிமிடம் அவள் மூச்சை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அன்று கூட்டத்தில் ஒருவரை, ஒரே ஒருவரை, நீங்கள் இன்று குடிக்க வேண்டாம், உங்கள் வண்டி வாசலுக்கு நேராக நிற்கட்டும் என்று முன்பே கேட்டு வைத்திருந்தால் பத்து நாற்பதுக்குள் மருத்துவமனையில் இருந்திருப்போம்.

மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டது மூன்று கேள்விகள். என்ன குடித்தாள், எவ்வளவு குடித்தாள், எத்தனை மணிக்கு? ரம் என்பதைத் தவிர ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கிறது, ஆனால் ஜாடியில் எவ்வளவு ஊற்றப்பட்டது, அப்போது ஜாடியில் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சித்தப்பாவுக்கு போன் போட்டு, ஜாடியில் எந்தக் கோடு வரை இருந்தது என்று கேட்டு, அங்கேயே காகிதத்தில் கணக்குப் போட்டோம். ஒன்றரை லிட்டர் இஞ்சி ஒயினோடு 375 மி.லி. ரம். அவள் குடித்தது இரண்டு டம்ளர், சுமார் 300 மி.லி. கணக்குப் பார்த்தால் இரண்டு ஸ்மாலில் இருக்கும் ஆல்கஹால், 24 கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில். டாக்டர் உடனே விரலில் குத்தி சர்க்கரை பார்த்தார், இறங்கியிருந்தது. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இதுதான் பெரிய ஆபத்து என்றார். கல்லீரல் ஆல்கஹாலைக் கவனிக்கப் போய்விடுவதால் ரத்தத்துக்குச் சர்க்கரை விடும் வேலை தடைபடும். குழந்தையிடம் சேமிப்பும் குறைவு, சாப்பிடாமல் வேறு இருந்தாள். குளுக்கோஸ் ஏற்றினார்கள், மணிக்கு ஒரு முறை சர்க்கரை பார்த்தார்கள். எப்படி நடந்தது என்று என்னிடம் எழுதி வாங்கினார்கள். குழந்தைக்கு மது கொடுப்பது சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் கிடைக்கக்கூடிய குற்றம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதிகாலை நான்கரைக்கு அவள் தெளிவாகக் கண் விழித்து, பசிக்கிறது என்றாள். நாத்தனார் அழுதார். நான் வெளியே வராந்தாவுக்கு வந்துவிட்டேன், அவர் முன்னால் அழுவதற்குக் கூட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. செலவு 7,300 ரூபாய். நானே கட்டினேன்.

மற்றக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கிளாஸ் 36 வாங்கியதில் 4,200 ரூபாய், அதில் 11 உடைந்தது. நீண்ட காம்பு வைத்த கிளாஸ் வீட்டு விருந்துக்குத் தேவையே இல்லை, கனமான சின்ன டம்ளர்கள் போதும். சின்ன டம்ளரில் ஊற்றும் அளவும் தானாகக் குறையும். காலி பாட்டில்களை மட்டும் ஸ்டிக்கர் கிழியாமல் எடுத்து வைத்திருந்தேன். எங்கள் மாவட்டத்தில் 2022-லிருந்து பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருகிறார்கள். காட்டில் வீசும் பாட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கிறது என்பதால் வந்த ஏற்பாடு. பணத்துக்காக இல்லாவிட்டாலும் அதற்காகவாவது திருப்பிக் கொடுங்கள்.

மூன்று வாரம் நாத்தனார் போன் எடுக்கவில்லை. பொங்கலுக்கு நான் அனுப்பிய பலகாரம் திரும்பி வரவில்லை, அது மட்டும் ஆறுதல். சித்தப்பா உடைந்துபோய்விட்டார். அவர் நேராக மேட்டுப்பாளையத்துக்குப் போய் அவர்கள் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்ட மன்னிப்பில் பெரும்பங்கு என்னுடையது என்று நாத்தனாருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். ஜனவரி 20-ஆம் தேதி அவரே கூப்பிட்டார். விருந்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பாப்பாவுக்கு ஸ்கூலில் நீலகிரி பற்றிப் ப்ராஜெக்ட், சின்கோனா பட்டை கிடைக்குமா என்று கேட்டார்.

2025 கிறிஸ்துமஸுக்கு மறுபடியும் மேசை போட்டேன். போடாமல் இருக்கலாமே என்று பலர் சொன்னார்கள். ஆனால் பயந்து மூடி வைப்பதைவிடச் சரியாகச் செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு இருந்தது. இந்த முறை மேசையைக் கூடத்தில் போடாமல், கதவு வைத்த முன்னறையில் போட்டேன். இரண்டு பாட்டில், மூன்று அட்டை, ஒரு பெரிய ஃபிளாஸ்க். பாட்டில் வாய்களில் 30 மி.லி. அளந்து விடும் மூக்குகள் மாட்டினேன். பழம், பாகு, மூலிகை, தேநீர் எல்லாவற்றையும் அவரவர் இஷ்டத்துக்குக் கலந்துகொள்ளலாம், சரக்கை மட்டும் மேசையில் நிற்பவர்தான் ஊற்றுவார். முதல் ஒரு மணி நேரம் நான் நின்றேன், அப்புறம் தம்பி, அப்புறம் சித்தப்பா. யார் யாருக்கு எத்தனை என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தோம். கோடு போடுவதைப் பார்த்ததும் நான்காவது கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. எட்டு மணிக்கே சாப்பாடு போட்டேன். பக்கத்து வீட்டு ஜீப் டிரைவரிடம் அன்று இரவுக்கு 1,500 ரூபாய் பேசி, அவர் சாப்பிட்டுவிட்டு அடுப்பங்கரையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்கு மேல் மூன்று குடும்பங்களை அவரே வீட்டில் கொண்டு விட்டார்.

இஞ்சி ஒயினை ஜாடியில் வைக்கவில்லை. மூடிபோட்ட சின்ன கண்ணாடி பாட்டில்களில் நிரப்பி, பிள்ளைக்கு ஒன்று என்று சமையலறை அலமாரியில் வைத்திருந்தேன். ஒவ்வொரு பாட்டிலிலும் வெள்ளைத் தாள் ஒட்டிப் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது பாப்பா வந்து நின்றாள். அத்தை, என்னுடையதை நான் எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டாள்.